பத்து டாலர் திருட்டின் பூர்வீகம்

"மாசம் பத்து டாலர் ஹோஸ்டிங்கைப் போய் ஒருத்தன் திருடுவானாய்யா?" என் வேலையைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் நண்பர்கள் கேட்கும் கேள்வி இது. நகையைத் திருடினால் விற்கலாம். வலைத்தளம் வைக்கிற இடத்தைத் திருடி என்ன செய்வது? நியாயமான சந்தேகம்தான். பதில் சொல்லக் கொஞ்சம் பின்னால், 1995-க்குப் போக வேண்டும்.

(புனேயில் ஒரு சின்ன ஹோஸ்டிங் கம்பெனியில் பல வருடம் குப்பை கொட்டியவன் நான். வருகிற ஆர்டரில் எது நிஜம், எது போலி என்று பிரிப்பது என் வேலையில் பாதி.)

அப்போது அமெரிக்காவில் ஏஓஎல் கணக்கு தொடங்கக் கடன் அட்டை எண் கேட்பார்கள். அட்டை எண்ணின் கடைசி இலக்கம் சும்மா போட்டதில்லை. மற்ற இலக்கங்களை வைத்து ஒரு சின்னக் கணக்குப் போட்டால் வருவது அது. ஐபிஎம்மில் இருந்த ஹான்ஸ் பீட்டர் லூன் 1954-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த கணக்கு. எண்ணை அடிக்கும்போது விரல் தவறினால் கண்டுபிடிக்க வந்தது அது. திருடனைப் பிடிக்க அல்ல. கணக்கு தெரிந்த பையன்கள் இல்லாத அட்டைக்கு எண் தயாரித்து ஓசியில் உள்ளே போனார்கள். 1995 கடைசியில் ஏஓஎல் அந்த ஓட்டையை அடைத்தது. பையன்கள் சும்மா இருப்பார்களா? ஏஓஎல் ஊழியர் மாதிரி செய்தி அனுப்பி மற்றவர்களின் பாஸ்வேர்டைக் கறக்க ஆரம்பித்தார்கள். 'ஃபிஷிங்' என்ற பெயர் அங்கே பிறந்ததுதான்.

பிறகு அதே தூண்டில் வங்கிகள் பக்கம் திரும்பியது. வங்கி மாதிரியே ஒரு பக்கம் செய்யலாம், ஆனால் அதை எங்கே வைப்பது? சொந்த அட்டையில் இடம் வாங்கினால் மாட்டிக்கொள்வான். ஆகவே திருட்டு அட்டையில் வாங்குவான். அந்த இடத்தில் போலி வங்கிப் பக்கம். அதில் விழும் புது அட்டை எண்கள். அவற்றை வைத்து அடுத்த இடம். நமக்குப் பத்து டாலர், அவனுக்கு அது விதைநெல்.

எங்கள் சரக்கில் இன்னொரு வசதியும் உண்டு. டிவி திருடினால் கூரியர்காரர் வந்து நிற்க ஒரு வீட்டு விலாசம் வேண்டும். ஹோஸ்டிங் ஐந்தே நிமிடத்தில் மின்னஞ்சலில் போய்விடும்.

அட்டை எண்ணுக்கும் பஞ்சமில்லை. 2004 அக்டோபரில் 'ஷேடோக்ரூ' என்ற திருட்டு எண் சந்தையை அமெரிக்க சீக்ரெட் சர்வீஸ் மூடி 28 பேரைக் கைது செய்தது. 2005-ல் கார்டுசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் 4 கோடி அட்டை விவரம் திருடர்கள் கைக்கு எட்டும்படி ஆனது. 2007-ல் டிஜேஎக்ஸ் கடைகளில் 4.5 கோடிக்கு மேல். இந்தக் கடைசித் திருட்டின் தலைவன் ஆல்பர்ட் கொன்சாலஸ், ஷேடோக்ரூவைப் பிடிக்க அரசுக்குத் துப்பு கொடுத்தவன்! 2010-ல் 20 வருடம் தண்டனை கிடைத்தது.

சரி, நஷ்டம் யாருக்கு? அட்டைக்காரர் மாதக் கணக்கைப் பார்த்துவிட்டு 'இது நான் வாங்கியதில்லை' என்பார். வங்கி பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எங்கள் கணக்கில் கழிக்கும். சார்ஜ்பேக். அதற்கு மேல் அபராதக் கட்டணம். டொமைனுக்கு நாங்கள் கட்டிய காசும் போச்சு. ஐந்து நாளுக்குள் ரத்து செய்தால்தான் அது திரும்பும், புகாரோ ஒரு மாதம் கழித்து வரும். மொத்த ஆர்டரில் புகார் விகிதம் ஏறினால் அட்டை வாங்கும் வசதியையே பிடுங்கிவிடுவார்கள். பெரிய கடைக்கு நாலு புகார் கொசுக்கடி. மாதம் இருநூறு ஆர்டர் வரும் கடைக்கு அது கழுத்தில் கத்தி.

இதைவிடக் கொடுமை பக்கத்து வீட்டுக்காரருக்கு. ஒரே சர்வரில், ஒரே ஐபி முகவரியில் நூற்றுக்கணக்கான தளங்கள் குடியிருக்கும். ஒருத்தன் ஸ்பாம் அனுப்பினால் அந்த முகவரியே கறுப்புப் பட்டியலுக்குப் போகும். அப்படி ஒரு ஜனவரியில், எங்களிடம் தளம் வைத்திருந்த ஒரு தமிழ்க் குடும்பச் சங்கத்தின் பொங்கல் விழா அழைப்பு பாதிப் பேருக்குப் போகாமல் திரும்பி வந்தது. சங்கச் செயலாளருக்கு கறுப்புப் பட்டியல் என்றால் என்னவென்று நான் விளக்கி முடிப்பதற்குள் போகியே வந்துவிட்டது :-)

திருடனைத் தடுக்க வழிகள் இருந்தன. அட்டையின் முதுகில் மூன்று இலக்கம். விலாசத்தில் உள்ள எண்களை வங்கியிடம் ஒப்பிட்டுப் பார்க்கும் முறை. அது அமெரிக்கா, கனடா, பிரிட்டன் அட்டைகளுக்குத்தான் உருப்படியாக வேலை செய்யும். மேக்ஸ்மைண்ட் போன்ற சேவைகள், ஆர்டர் எந்த நாட்டிலிருந்து வருகிறது, அட்டை எந்த நாட்டுடையது, விலாசம் எங்கே என்று பார்த்து மதிப்பெண் போடும். மூன்றும் வேறு வேறானால் சிவப்பு விளக்கு.

இங்கேதான் நம்மவர்கள் மாட்டுவார்கள். மஸ்கட்டில் உட்கார்ந்துகொண்டு, அபுதாபியில் வேலை பார்த்தபோது வாங்கிய அட்டையில், காரைக்குடியில் அப்பாவின் கடைக்குத் தளம் வாங்குகிற மனிதர் கணினிக்கு அசல் திருடன். அப்படி ஒருவரை நான் கூப்பிட்டேன்.

"சார், உங்க ஆர்டரைச் சரிபார்க்கக் கூப்பிட்டேன்."

"தம்பி தமிழா! நல்லதாப் போச்சு. கார்டு பழசு, கடை அப்பாவோடது, நான்தான் இங்க கெடக்கேன்."

அவ்வளவுதான், முடிந்தது. 'என்னைத் திருடன்கிறீங்களா?' என்று போனை வைத்தவர்களும் உண்டு. அவர்கள் திரும்பி வரவில்லை. அந்த நஷ்டம் எந்தக் கணக்கிலும் வராது.

இந்தியாவில் காற்று மாறியது 2009-ல். பிப்ரவரி 18 அன்று ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது. ஆகஸ்ட் 1 முதல், அட்டையில் அச்சாகாத இன்னொரு ரகசியத்தைக் கேட்காமல் இணையத்தில் பணம் எடுக்கக் கூடாது. பாதி வழியில் பக்கம் தொங்குகிறது, விற்பனை போகிறது என்று கடைக்காரர்கள் புலம்பினார்கள். எங்களுக்கோ இந்திய அட்டைப் புகார்கள் ஏறக்குறைய வற்றிவிட்டன. வெளிநாட்டு கேட்வே வழியாக இந்த விதியைச் சுற்றிப்போன ஊபர் போன்றவர்களின் சந்தையும் 2014 ஆகஸ்ட் சுற்றறிக்கையில் அடைபட்டது. ஐரோப்பா இதே மாதிரி விதிக்கு வர 2019 செப்டம்பர் ஆனது. என்னைக் கேட்டால், நம் ஊர் அரசு அலுவலகங்களிலிருந்து வந்த உருப்படியான காகிதங்களில் அந்த 2009 சுற்றறிக்கைக்கு முதல் வரிசையில் இடம் உண்டு.

ஆனால் விதி இந்திய அட்டைக்குத்தான். வெளிநாட்டு அட்டையில் வரும் ஆர்டருக்கு எங்கள் கம்பெனி பழைய பாட்டையேதான் பாடியது. உள்ளூர்த் திருடனும் தொழிலை விடவில்லை. கடையில் எண் மட்டும் போதாது என்றானதும் அட்டைக்காரர் வீட்டுக்கே போன் போட்டான். "பேங்க்லேர்ந்து பேசறோம் அம்மா, மெசேஜ்ல வந்த நம்பரைச் சொல்லுங்க." 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி போட்ட பொறுப்பு விதியில், வங்கியும் வாடிக்கையாளரும் தப்பு செய்யாத திருட்டை மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் முழுப் பணமும் திரும்பும் என்று இருந்தது. ரகசிய எண்ணை அம்மாவே சொல்லியிருந்தால், புகார் கொடுக்கும் நிமிடம் வரை போனது அம்மாவின் பணம். முன்பு எங்கள் கம்பெனிக்கு வந்த பில் இப்போது அந்த விலாசத்துக்குப் போகிறது.