35 மணி நேரம்: பி.எம்.பி. பயிற்சி வகுப்பின் கதை

பி.எம்.பி. எழுதலாம் என்று நினைப்பவர்களைப் பயிற்சி நிலையத்தின் வாசலுக்குத் தள்ளிவிடுவது ஒரு எண். 35. பட்டம் இருந்தால் 36 மாத அனுபவம், இல்லாவிட்டால் 60 மாதம். அதற்கு மேல் 35 மணி நேரம் ப்ராஜக்ட் மேனேஜ்மென்ட் படித்ததற்கான அத்தாட்சி வேண்டும். வீட்டில் உட்கார்ந்து புத்தகம் படித்தேன் என்றால் கணக்கில் வராது. ஒரு நாளைக்கு ஏழு மணி நேரம் என்று வகுத்துப் பாருங்கள், சரியாக ஐந்து நாள். அந்த ஐந்து நாள் "பூட்கேம்ப்" எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறதா?

வணிகவியல் படிக்கிறவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். எங்கள் பாடத்திலும் பெர்ட், சி.பி.எம். கணக்குகள் உண்டு. வட்டம் போட்டு அம்புக்குறி இழுத்து மதிப்பெண் வாங்கிவிட்டுப் போய்விடுவோம். அதற்குப் பின்னால் ஒரு கதை இருப்பதை யாரும் சொல்வதில்லை.

சி.பி.எம். 1957 வாக்கில் டூபான்ட் ரசாயன நிறுவனத்தில் உருவானது. தொழிற்சாலைக் கட்டுமானத்தையும் பராமரிப்பு வேலைகளையும் எப்படி வரிசைப்படுத்துவது என்பது பிரச்சினை. டூபான்ட்டின் மார்கன் வாக்கரும் ரெமிங்டன் ராண்டின் ஜேம்ஸ் கெல்லியும் அதைக் கணினிக்குக் கொண்டுபோனார்கள். அடுத்த ஆண்டே, 1958ல், அமெரிக்கக் கடற்படையின் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக பெர்ட் வந்தது. போலாரிஸ் குறித்த நேரத்தில் முடிந்ததற்கு பெர்ட்தான் காரணம் என்று அப்போது பெரிய பேச்சு. ஆனால் ஹார்வி சபோல்ஸ்கி என்ற ஆய்வாளர் 1972ல் அந்தத் திட்டத்தைப் பற்றி எழுதிய புத்தகத்தில் வேறு மாதிரி சொல்கிறார். வெளியிலிருந்து யாரும் வந்து மூக்கை நுழைக்காமல் தடுக்கவே அந்த வரைபடங்கள் அதிகம் பயன்பட்டன என்பது அவர் வாதம். நவீன நிர்வாகம் நடக்கிறது என்று காட்டினால் கேள்வி கேட்கிறவர்கள் அடங்கிவிடுவார்கள். எனக்கு இதைப் படித்தபோது சிரிப்பு வந்தது. சான்றிதழ் என்பதும் பாதி அந்த வேலையைத்தானே செய்கிறது?

1969ல் அட்லாண்டாவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில் கூடி, பி.எம்.ஐ. என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். கட்டுமானம், மருந்து, ரசாயனம் என்று வெவ்வேறு துறைக்காரர்கள். அப்போது சான்றிதழும் இல்லை, தேர்வும் இல்லை. தேர்வு வர 1984 ஆனது. தேர்வு வந்துவிட்டால் பாடத்திட்டம் வேண்டும், பாடத்திட்டம் வந்துவிட்டால் நோட்ஸ் வேண்டும், நோட்ஸ் வந்துவிட்டால் வாத்தியார் வேண்டும். நம் ஊரில் இந்த வரிசையை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

பாடத்திட்டம் போல ஆகிவிட்ட புத்தகம்தான் பிம்பாக் கைடு. 1996 பதிப்பில் ஒன்பது அறிவுத்துறைகள், 37 செயல்முறைகள். 2004ல் 44, 2008ல் 42, 2013ல் 47, 2017ல் 49. இந்த எண்கள் மாறும்போதெல்லாம் பயிற்சி நிலையங்கள் புதிய நோட்ஸ் அடித்தன. மாணவர்கள் செயல்முறைகளை அட்டவணையாக மனப்பாடம் செய்தார்கள். ரீட்டா மல்காஹியின் தேர்வுத் தயாரிப்பு நூல் பிரபலமானது இந்தக் காலத்தில்தான். 2010ல் அவர் மறைந்த பிறகும் அந்த நூல் புதிய பதிப்புகளாக வந்தது. பிறகு 2021ல் ஏழாம் பதிப்பு வந்து, செயல்முறை அட்டவணையை நடுவிலிருந்து தூக்கிவிட்டு, 12 கோட்பாடுகள், 8 செயல்திறன் களங்கள் என்று வேறு திசையில் போய்விட்டது. 49 செயல்முறைகளை உருப்போட வைத்தே பிழைத்த வகுப்புகளின் நிலைமையை நினைத்துப் பாருங்கள்.

இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த இடம் 2005. அதுவரை 200 கேள்விகளில் 137 சரியாக இருந்தால் தேர்ச்சி, அதாவது 68.5 சதவீதம். அந்த ஆண்டு செப்டம்பர் கடைசியில் தேர்வை மாற்றினார்கள். 200ல் 25 கேள்விகள் சோதனைக்கு மட்டும், மதிப்பெண் கிடையாது. மீதி 175ல் 141 எடுக்க வேண்டும், ஏறக்குறைய 81 சதவீதம். எழுதுகிறவர்களுக்கு வயிற்றில் புளி கரைந்திருக்கும். சில மாதங்களில் அதையே 106 ஆக இறக்கினார்கள், 61 சதவீதம்! பின்னாளில் தேர்ச்சி எல்லை என்ன என்று வெளியிடுவதையே நிறுத்திவிட்டார்கள். எந்த நிலையத்தில் படித்தவர்கள் எத்தனை பேர் தேறினார்கள் என்ற பட்டியலையும் பி.எம்.ஐ. வெளியிடுவதில்லை. ஆகவே விளம்பரத்தில் "98 சதவீதத் தேர்ச்சி" என்று பார்த்தால், அந்த எண் அவர்களே சொல்லிக்கொள்வது என்று புரிந்துகொள்ளுங்கள். சரிபார்க்க வழியில்லை.

"கடைசித் தேதி" வியாபாரத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. புதிய தேர்வு 2019 டிசம்பரில் வரும் என்றார்கள். அது 2020 ஜூலைக்குத் தள்ளிப்போனது. கொரோனா வந்ததும் மறுபடி தள்ளி, கடைசியில் 2021 ஜனவரி 2ல் வந்தது. நான்கு மணி நேரத்தில் 200 கேள்விகள் என்பது போய், 230 நிமிடங்களில் 180 கேள்விகள் ஆனது. அதில் சுமார் பாதி அஜைல், ஹைப்ரிட் முறைகளைச் சார்ந்தது. "தேர்வு மாறப்போகிறது, உடனே பணம் கட்டுங்கள்" என்று அவசரப்படுத்துகிறவர்களிடம் எச்சரிக்கையாக இருக்கச் சொல்வது இதனால்தான். மாற்றம் வருவது உண்மையாகவே இருக்கும். ஆனால் அவசரம் நம் தயாரிப்பைப் பொறுத்ததே தவிர, அவர்கள் பேட்ச் நிரம்புவதைப் பொறுத்ததல்ல.

நிலையங்களின் அங்கீகாரத்துக்கு வருவோம். 1999ல் தொடங்கி ஆர்.இ.பி. என்று ஒரு பதிவுமுறை இருந்தது. நிலையம் பதிவு செய்துகொள்ளும், தன் பாடத்தைத் தானே தயாரிக்கும். 2020ல் அதை முடித்துவிட்டு ஏ.டி.பி. முறையைக் கொண்டுவந்தார்கள். இதில் பாடப்பொருளை பி.எம்.ஐ.யே தருகிறது, ஆசிரியரும் அவர்களிடம் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். இன்றைக்கும் பழைய பெயரைப் போட்டு "நாங்கள் ஆர்.இ.பி." என்று ஒரு நிலையம் சொன்னால், அந்த ஒரு வரியே அவர்களைப் பற்றி நிறையச் சொல்லிவிடும். அதே சமயம் ஏ.டி.பி. என்றால் நல்ல வாத்தியார் என்று அர்த்தமில்லை. நல்ல பாடத்தை மோசமாக நடத்துகிறவர்களை நாம் கல்லூரியிலேயே பார்த்திருக்கிறோம்.

நடுவில் ஒரு வணிகவியல் செய்தி. வெகுகாலம் தேர்வுக் கட்டணம் உறுப்பினருக்கு 405 டாலர், மற்றவர்களுக்கு 555 டாலர் என்று இருந்தது. வித்தியாசம் 150. உறுப்பினராகச் சேர 129, சேர்க்கைக் கட்டணம் 10, ஆக 139. சேர்ந்துவிட்டு எழுதினால் 11 டாலர் மிச்சம்! ஆளைச் சேர்க்க இதைவிட அழகான விலை நிர்ணயத்தை நான் பாடப்புத்தகத்தில் பார்த்ததில்லை. கட்டணங்கள் பிறகு மாறிவிட்டன, கணக்கை நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

என்னைப் போல அனுபவமே இல்லாதவர்களை பி.எம்.பி. வகுப்பில் சேர்த்துக்கொள்ளும் நிலையங்களும் இருக்கின்றன. பணம் கட்டிய பிறகுதான் 36 மாதம் என்ற நிபந்தனை சிலருக்குத் தெரிகிறது. அனுபவக் கணக்கை விண்ணப்பத்தில் எழுத வேண்டும், சிலரைத் தேர்ந்தெடுத்துத் தணிக்கையும் செய்வார்கள். புதியவர்களுக்குக் கேப்எம் என்ற தேர்வு 2003லிருந்தே இருக்கிறது. அதற்கு அனுபவம் வேண்டாம், 23 மணி நேரப் படிப்பு போதும். வகுப்பை விசாரிக்கும்போது இதை அவர்களாகவே சொல்கிறார்களா என்று கவனியுங்கள்.

35 மணி நேரம் என்ற நிபந்தனைக்காக மட்டும் என்றால் எளிய இணைய வகுப்பே போதும், முடிவில் ஒரு மதிப்பீட்டுத் தேர்வு இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதிகப் பணம் கேட்கிற வகுப்பிடம் அதிகமாக என்ன தருகிறீர்கள் என்று கேட்க வேண்டும். யார் நடத்துகிறார், அவர் எந்த ப்ராஜக்டை நடத்தியவர், மாதிரித் தேர்வில் தவறிய கேள்விக்கு விளக்கம் தருகிறாரா, விடையை மட்டும் தருகிறாரா? தோற்றால் பணம் வாபஸ் என்றால் எத்தனை முறை தோற்றால், எத்தனை மாதத்துக்குள் என்ற சின்ன எழுத்துகளைப் படியுங்கள். பிறகு அவர்களுடைய பாட அட்டவணையை வாங்கி, பி.எம்.ஐ. வெளியிடும் தேர்வுப் பாடச் சுருக்கத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்தச் சுருக்கம் எந்த ஆண்டுக்கானது என்று முதல் பக்கங்களிலேயே போட்டிருக்கும். அவர்கள் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.