செஞ்சித் தூண்களும் சர்வர் துண்டுகளும்

போன மாசம் ஊருக்குப் போனப்போ, ரொம்ப வருஷம் கழிச்சு செஞ்சிக் கோட்டைக்குள்ள ஒரு நடை போய்ட்டு வந்தேன். 2025 ஜூலையில் மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தாங்களே, அதில் மகாராஷ்டிராவுக்கு வெளியே இருப்பது நம்ம செஞ்சி மட்டும்தான்.

கீழ்க்கோட்டையில் இருக்கிற வெங்கடரமணர் கோயிலுக்குப் போனால் பல இடத்தில் தூண்கள் இல்லை. எங்க போச்சு? புதுச்சேரி கடற்கரையில் காந்தி சிலையைச் சுத்தி உயரமா கருங்கல் தூண்கள் நிக்குதே, அவை செஞ்சியிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் கொண்டு போனவை. 1750-லிருந்து 1761 வரை கோட்டை அவங்க கையில் இருந்தது.

பொட்டி தட்டுற எனக்கு இதைப் பார்த்ததும் 'காப்பி பேஸ்ட்' ஞாபகம்தான் வந்தது. என்ன, காப்பி பேஸ்ட்டில் மூலமாவது மிஞ்சும். இங்கே அதுவும் போச்சு :-)

சரி, மேட்டருக்கு வருவோம். ஒரு தடவை செய்ததைப் பல பக்கங்களில் பயன்படுத்துவது எப்படி? வலைப்பக்கங்களின் சரித்திரத்தில் பாதி இந்தக் கேள்விதான்.

கேள்வி வலையைவிடப் பழசு. 1968-இல் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நடந்த மாநாட்டிலேயே டக்ளஸ் மெக்கில்ராய், மென்பொருளையும் தொழிற்சாலை உதிரிபாகம் மாதிரி தயாரித்து வைத்துக் கோர்க்கணும்னு பேசினார். வலைக்கு அது வர 25 வருஷம் ஆச்சு. 1993-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இருந்த என்சிஎஸ்ஏ மையம் தன் சர்வரில் சிஜிஐ என்ற வழியைக் கொண்டு வந்தது. யாராவது பக்கத்தைக் கேட்டால் ஒரு நிரல் புதுசா எழுந்து, பக்கத்தை வரிவரியா அச்சடிச்சுக் கொடுத்துட்டு செத்துப் போகும். அடுத்தவர் கேட்டால் மறுபடி முதல்லேர்ந்து. அதே சர்வரில் 'இன்க்ளூட்' வசதியும் வந்தது. பக்கத்தில் ஒரே ஒரு வரி எழுதி வைத்தால், அனுப்புவதற்கு முன்னால் சர்வர் அந்த இடத்தில் இன்னொரு கோப்பைச் செருகிடும். தலைப்பட்டை, அடிப்பட்டை எல்லாம் ஒரே இடத்தில். நாம இன்னிக்குப் பண்ற வித்தைக்கெல்லாம் தாத்தா அதுதான்.

1995-இல் ராஸ்மஸ் லெர்டார்ஃப் பிஎச்பியை வெளியிட்டார். தன் ரெஸ்யூமை யார் பார்க்கிறாங்கன்னு தெரிஞ்சுக்க எழுதின கருவிகள்தான் அவை! 1996 கடைசியில் மைக்ரோசாஃப்டின் ஏஎஸ்பி. இதிலும் இன்க்ளூட் உண்டு, ஆனால் ஒரு வம்பு. செருகின கோப்பில் இருக்கும் மாறிகளும் பக்கத்தில் இருக்கும் மாறிகளும் ஒரே கூடத்தில் படுத்துத் தூங்கும். ரெண்டு இடத்திலும் ஒரே பேரை அறிவிச்சிருந்தால் பக்கம் படுத்துடும்.

அப்பதான் விஷயம் புரிஞ்சது. துண்டை வெட்டி வைப்பது பெரிசில்லை. உள்ளே என்ன வரும், வெளியே என்ன போகும், பக்கத்து வீட்டை எப்படித் தொடாமல் இருக்கும் என்கிற ஒப்பந்தம்தான் முக்கியம். இதை முதலில் அழகாகச் செய்தது 1996-இல் நெக்ஸ்ட் நிறுவனத்தின் வெப்ஆப்ஜெக்ட்ஸ். ஒரு கம்போனென்ட் என்றால் அதன் தோற்றம், அதன் நிரல், ரெண்டையும் முடிச்சுப் போடும் கோப்பு, மூணும் ஒரே மூட்டையில். 1999-இல் ஜேஎஸ்பி வந்தது. சொந்தமா டேக் செய்துகொள்ளும் வசதியும் அந்த வருஷக் கடைசியில் அதில் சேர்ந்தது. 2002-இல் ஏஎஸ்பி டாட் நெட். அதன் கன்ட்ரோல்கள் சொகுசுதான். ஆனால் தங்கள் நிலையை ஞாபகம் வைத்துக்கொள்ள வ்யூஸ்டேட் என்ற மூட்டையைப் பக்கத்துக்குள் ஒளித்து அனுப்பும். டயல்-அப் காலத்தில் அந்த மூட்டை இறங்குவதற்குள் காபி குடிச்சுட்டு வந்துடலாம். எல்லாம் ப்ரௌசருக்குப் போயாச்சுன்னு நினைச்சா, 2020-இல் ரியாக்ட்காரங்க 'சர்வர் கம்போனென்ட்' என்று மறுபடி சர்வருக்கே வந்தாங்க.

இனி என் சொந்தக் கதை.

2001-இல் தாத்தா சொன்ன செஞ்சிக் கதைகளை வலையில் ஏற்ற ஆரம்பிச்சேன். 1714-இல் போரில் இறந்த தேசிங்கு ராஜாவின் கதையை அவர் தெருக்கூத்தில் வருவது மாதிரி இல்லாமல் வேற விதமா சொல்வார். இலவச இடம், பாமினி எழுத்துரு, நாற்பது சொச்சம் எச்டிஎம்எல் பக்கங்கள், எல்லாம் காப்பி பேஸ்ட். 2003-இல் பிஎச்பி கத்துக்கிட்ட பிறகு எழுதினதை வேற மாதிரி வைத்தேன். உரை மட்டும் டேட்டாபேஸில். தலைப்பட்டை ஒரு கோப்பு. உரையை எடுத்துக் காட்ட ஒரே ஒரு ஃபங்ஷன்.

அப்புறம் யூனிகோடு அலை அடிச்சது. பாமினியில் தமிழெழுத்து ஆங்கில எழுத்தின் இடத்தில் உட்கார்ந்திருக்கும். ஆங்கில 'எம்' அடித்தால் 'அ' வரும். 'கொ' என்றால் கொம்பு, க, கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் கிடக்கும். யூனிகோடில் 'க'தான் முதலில். இதையெல்லாம் அந்த ஒரே ஃபங்ஷனுக்குள் எழுதினேன். ரெண்டே ராத்திரி. அத்தனை பக்கமும் யூனிகோடு ஆயிடுச்சு.

பழைய நாற்பது? அதில் டேகும் தமிழும் ஒரே ஆங்கில எழுத்துக்களில் கலந்து கிடந்தன. மாற்றி விட்டால் டேகும் தமிழாகிவிடும். ஒவ்வொரு பக்கமா கையால் பிரிக்கணும். 'பொங்கல் லீவுல பார்த்துக்கலாம்'னு விட்டேன். எத்தனையோ பொங்கல் போச்சு. இலவச இடம் கொடுத்த தளம் மூடிட்டாங்க. வீட்டில் இருந்த சிடி படிக்கவில்லை. தாத்தா அதுக்கு முன்னாடியே போய்ச் சேர்ந்துட்டார். தேசிங்கு கதையை அவர் எப்படி முடிப்பார்னு இப்ப எனக்கே குழப்பமா இருக்கு. கேட்க ஆள் இல்லை.

துண்டு துண்டாகப் பிரித்து எழுதினால் வேலை மிச்சம்னுதான் எல்லாரும் சொல்றாங்க, நானும் அப்படித்தான் நினைச்சேன். ஆனால் உண்மையான லாபம், காலம் மாறும்போது ஒரே இடத்தில் கை வைத்து மாற்ற முடியும் என்பதுதான். மாற்றக் கஷ்டமா இருப்பதை நாம தள்ளிப் போடுவோம். தள்ளிப் போட்டது செத்துப் போகும்.

புதுச்சேரித் தூண்கள் இன்னும் கம்பீரமாகத்தான் நிக்குது. ஆனா மேலே தாங்க கூரை இல்லை.

மக்களே, உங்க பழைய பதிவுகள் எந்த எழுத்துருவில், எந்தத் தளத்தில் இருக்கு? இன்னிக்கு ராத்திரியே ஒரு தடவை திறந்து பாருங்க. பொங்கலுக்குக் காத்திருக்க வேண்டாம்.