கடைசியில் எழுதப்பட்ட ஆதிகாலம்: ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் உலகின் தெய்வங்களும் படைப்பினங்களும்

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பாத்திர விளையாட்டு நடக்கும் ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் கற்பனை உலகின் காலவரிசை மிக நீளமானது. அங்கே வழங்கும் தேல் ஆண்டுக் கணக்கு தொடங்குவதற்கு ஏறத்தாழ 35,000 ஆண்டுகள் முன்பே சாருக் என்னும் பல்லி மக்கள் பேரரசுகள் கட்டி ஆண்டார்கள். தவளை வடிவினரான பட்ராச்சிகளும் பறவை வடிவினரான ஏரீக்களும் பிறகு வந்தார்கள். வனதேவதைகளான ஃபே கூட்டத்தையும் மனிதரையும் சேர்த்து இந்த ஐந்து இனங்களுக்குப் படைப்பினங்கள் என்று பெயர். இவர்களுக்கு முன்னே செலூனே, ஷார் என்ற இரட்டைத் தேவியர். எல்லாருக்கும் மேலே ஆவோ. படிப்பவருக்கு ஆதியிலிருந்து சீராக இறங்கி வந்த வரலாறு போலத்தான் தோன்றும். அச்சேறிய ஆண்டுகளை எடுத்து அடுக்கினால் கணக்கு தலைகீழாகிறது. தெய்வங்களின் பட்டியல் 1981இல் வெளிவந்தது. ஆவோ வந்தது 1989இல். இரட்டைத் தேவியரின் சண்டை 1996இல் விரித்து எழுதப்பட்டது. சாருக்குகளின் முழு வரலாறு 2004 வரை காத்திருந்தது. காலம் பழையது, எழுத்து புதியது.

தமிழ் வாசகருக்கு இது விளங்காத விஷயமல்ல. தேவாரம் பாடப்பட்டுப் பல நூற்றாண்டுகள் கழித்தே பெரும்பாலான தலபுராணங்கள் இயற்றப்பட்டன. மீனாட்சிசுந்தரம் பிள்ளை 19ஆம் நூற்றாண்டில்கூட ஊர் ஊராகப் புராணம் பாடிக் கொடுத்துக்கொண்டிருந்தார். கோயில் முன்னே, யுகக் கதை பின்னே. விளையாட்டு உலகில் கோயிலின் இடத்தில் இருந்தது விதிநூல்.

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974இல் வெளியானபோது அதில் கிளெரிக் என்ற குருமார் பாத்திரம் இருந்தது. மந்திர சக்தியை அவருக்கு அருளும் தெய்வம் எது என்பதற்குத்தான் பதில் இல்லை. ராபர்ட் குன்ட்ஸும் ஜேம்ஸ் வார்டும் 1976இல் எழுதிய துணைநூல் உலகப் புராணங்களைத் திரட்டி அந்த இடத்தை நிரப்பியது. ஒவ்வொரு தெய்வத்துக்கும் உயிர்ப்புள்ளி, கவச எண் எல்லாம் போட்டுக் கொடுத்தார்கள். அளவுக்கு மீறி வளர்ந்த பாத்திரங்களை வைத்துக்கொண்டு ஆடுபவர்களுக்கு அவர்களுடைய பெருமை எவ்வளவு அபத்தம் என்று காட்டுவது நோக்கமாம். நடந்தது வேறு. எண் கொடுத்துவிட்டால் அடித்து வீழ்த்தலாம் என்றுதான் ஆடுபவர் எடுத்துக்கொள்வார். 1980இல் வார்டும் குன்ட்ஸும் விரித்து வெளியிட்ட டெய்ட்டீஸ் அண்ட் டெமிகாட்ஸ் நூலில் இந்திரன், யமன், காளி உள்பட நம் தெய்வங்களும் இந்த எண்களோடு நிற்கிறார்கள்.

கனடாக்காரரான எட் கிரீன்வுட் இந்த உலகைப் பற்றிக் கதை எழுதத் தொடங்கியது 1967 வாக்கில், விளையாட்டே பிறக்காத காலத்தில், சிறுவனாக. ஆனால் டிராகன் இதழின் 54ஆம் எண்ணில், 1981 அக்டோபரில், தம் தெய்வங்களை முறையாக அறிமுகப்படுத்தியபோது அந்த 1980 நூலிலிருந்தே சிலரைத் தூக்கி வந்தார். நார்ஸ் புராணத்து டைர், ஃபின்லாந்தின் மியலிக்கி, லோவியாட்டர், கெல்ட்டியரின் ஓக்மா எல்லாரும் இப்படிக் குடியேறியவர்கள்தாம். சொந்தத் தெய்வங்கள் பக்கத்திலேயே நிற்க, யார் எங்கிருந்து வந்தார் என்ற கேள்வியை அன்று யாரும் கேட்கவில்லை. எகிப்தியத் தெய்வங்கள் அந்த உலகின் முல்ஹோராண்ட் நாட்டில் ஏன் இருக்கிறார்கள் என்பதற்கு 1990இல் ஸ்காட் பென்னி காரணம் கற்பித்தார்: இமாஸ்கர் மந்திரவாதிகள் வேற்றுலகிலிருந்து அடிமைகளைப் பிடித்து வந்தார்களாம், அடிமைகளின் அழுகுரலுக்கு அவர்களுடைய தெய்வங்களும் வந்து சேர்ந்தனவாம். ஒட்டுப்போட்டது தெரியாத நல்ல ஒட்டு.

எல்லா ஒட்டும் அப்படி அமையவில்லை. 1989இல் விளையாட்டு இரண்டாம் பதிப்புக்கு மாறியபோது விதிகளில் பல மாற்றங்கள் வந்தன. கூலிக்குக் கொலை செய்யும் அசாசின் பாத்திரவகை நீக்கப்பட்டது. விதி மாறினால் அந்த உலகிலும் ஏதாவது நடந்திருக்க வேண்டும் அல்லவா? நாவல்களாகவும் சாகசத் தொகுதிகளாகவும் வந்த 'துயரக் காலம்' அதற்கு விடை. தம் விதிப் பலகைகளைத் திருடிய குற்றத்துக்காக ஆவோ ஏறத்தாழ எல்லாத் தெய்வங்களையும் மண்ணுக்குத் துரத்துகிறார். பலம் தேடும் தெய்வமான பேன், அசாசின்கள் அத்தனை பேரின் உயிரையும் உறிஞ்சிவிடுகிறான். கொலைத் தெய்வமான பால், போரஸ்கிர் பாலத்தில் சிரிக் என்ற மனிதத் திருடன் கையால் சாகிறான். பதிப்பகத்தில் எடுத்த ஒரு முடிவு, கதைக்குள் தெய்வச் சாவாக மாறியது இப்படித்தான். ஆவோ என்ற மேல்தெய்வமே இந்த வேலைக்காகப் பிறந்தவர் என்பது என் கருத்து. அதற்குமேல் அவருக்குத் தனிக்குணம் என்று ஒன்றும் கிடையாது.

செத்த தெய்வங்களுக்குப் பிறகு ஒரு பிறப்புக் கதையும் தேவைப்பட்டது. பால்டர்ஸ் கேட் (1998) கணினி விளையாட்டில் கைக்கு அகப்படும் பழைய புத்தகம் ஒன்று அதைச் சொல்கிறது. மரணத்தின் அதிபதி ஜெர்கலுக்குப் பதவி அலுத்துவிட்டது. அரியணையைப் பறிக்க வந்த பேன், பால், மிர்க்குல் என்ற மூன்று மனிதரிடமும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுந்துவிடுகிறான். மூவரும் மண்டையோட்டை உருட்டிப் பந்தயம் வைக்கிறார்கள். அது தீராமல் ஜெர்கலின் விரலெலும்புகளையே தாயக்கட்டையாக வீசுகிறார்கள். இந்தத் தொகுதியில் எனக்கு மிகப் பிடித்த கதை இது. பகடை வைத்து ஆடும் விளையாட்டில் தெய்வப் பதவியையும் எலும்பைப் பகடையாக வீசித்தானே தீர்க்க வேண்டும்!

படைப்பினங்களின் வேர் வேறு பக்கம் போகிறது. தெய்வம் குருமாருக்குத் தேவைப்பட்டது என்றால், ஆதி இனம் இடிபாடுகளுக்குத் தேவைப்பட்டது. ஆடுபவர் இறங்கும் பாதாளக் கோட்டையை யாரோ கட்டியிருக்க வேண்டுமே. கேரி கைகாக்ஸ் 1979இல் தம் வழிகாட்டி நூலின் பின்னிணைப்பில், விளையாட்டுக்குத் தூண்டுதலான எழுத்தாளர்களின் பட்டியலைக் கொடுத்தார். அதில் ராபர்ட் ஹோவர்டும் லவ்கிராஃப்டும் இருக்கிறார்கள். மனிதருக்கு முன் ஆண்ட பாம்பு மனிதர்களை ஹோவர்ட் 1929இல் எழுதினார். மனிதருக்கு முந்திப் பூமிக்கு வந்து உயிர்களை உருவாக்கிய வேற்றினத்தை லவ்கிராஃப்ட் 1936இல் வெளியான நெடுங்கதையில் காட்டினார். லவ்கிராஃப்ட் 1928இல் வெளியிட்ட ஒரு கதை, லெமூரியா பற்றிய ஸ்காட் எலியட்டின் நூலைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. எலியட் பிரம்மஞான சபைக்காரர். சபையின் தலைமையகம் 1882 முதல் சென்னை அடையாறு. மனிதருக்கு முன் அடுத்தடுத்து மூல இனங்கள் வாழ்ந்தன என்று பிளாவட்ஸ்கி 1888இல் எழுதியதன் நிழல் இந்தக் கதைகள் வழியே விளையாட்டுவரை நீள்கிறது. நமக்குக் குமரிக்கண்டமாக வந்து சேர்ந்த அதே லெமூரியாதான். நேரடிக் கடன் என்று நான் சொல்லமாட்டேன். புழங்கிப் புழங்கிப் பொதுச்சொத்தான ஒரு கற்பனை.

நெவர்விண்டர் நைட்ஸ் (2002) விளையாட்டில் மோராக் என்ற பல்லியின அரசி, படைப்பினத்தின் கடைசி மிச்சமாக ஒரு கல்லுக்குள் மீளக் காத்திருக்கிறாள். இரண்டு ஆண்டு கழித்து சர்ப்பன்ட் கிங்டம்ஸ் நூலில் கிரீன்வுட்டும் எரிக் பாய்டும் டாரின் டிரேடரும் சாருக்குகளுக்குப் பேரரசுகளும் பெயர்களும் தந்தார்கள். யுவான்-டி போன்ற செதிலினங்களைப் படைத்தவர்கள் என்பதால் அந்தத் திறமையையும் விதியாக எழுதி வைத்தார்கள்: செதிலுள்ள உயிரின் உருவையும் ஆற்றலையும் சாருக் விருப்பம்போல் மாற்றலாம். தரக்கூடிய சிறப்பாற்றல்களுக்கு எல்லை எதுவும் குறிக்கவில்லை. ரசிகர்கள் விடுவார்களா? கோபால்டு என்ற சோனிப் பிராணிக்கும் செதில் உண்டு. அந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டு, கணக்கில் மட்டும் வாழும் புன்-புன் என்ற கோபால்டை எல்லையற்ற ஆற்றலுடையதாக, எல்லாத் தெய்வங்களையும் மிஞ்சியதாக ஆக்கிக் காட்டினார்கள். விதிப்படி அதில் ஒரு பிழையும் இல்லை.