விட்டில்கள் வளர்ந்த வீடு



1990களின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் சிறிதளவு மண்ணெண்ணெயும் இட்டு எரித்த விளக்கிலேதான் நாம் படித்தோம். அவ்விளக்கில் விழுந்து மடியும் விட்டிலை, ஆசையால் அழியும் மாந்தருக்கு உவமையாக எமக்குக் கற்பித்தார்கள். இன்று நானும் என் மாணவருக்கு அதையே கற்பிக்கின்றேன். ஆயினும், விட்டிலை உவமையாக அன்றி உயிராகவே நோக்கிய ஓர் எழுத்தாளரின் வரலாறு என்னைச் சற்றுத் தயங்க வைத்தது.

அவர் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் 1863இல் பிறந்த ஜீன் ஸ்ரற்றன்-போர்ட்டர். பன்னிரண்டு பிள்ளைகளுள் கடைக்குட்டி. 1886இல் மருந்துக்கடை நடத்திய ஒருவரை மணந்தார்; மறு ஆண்டு ஒரே மகள் பிறந்தாள். லிம்பர்லொஸ்ற் என்னும் பெருஞ்சதுப்பு நிலத்துக்கு அண்மையில் அவர்கள் வாழ்ந்தார்கள்.

கணவரும் மகளும் நத்தார் பரிசாக அளித்த கமராவே அவரது வாழ்வைத் திசைதிருப்பியது எனலாம். குளியலறை இருட்டறையாயிற்று, சமையலறைத் தட்டங்களிலே படத்தகடுகள் கழுவப்பட்டன. சதுப்பு நிலத்திலிருந்து கொணர்ந்த விட்டிற்கூடுகள் வீட்டினுள்ளேயே பேணப்பட்டன. ஊசி குத்திக் காய்ந்த உடல்களை அவர் விரும்பவில்லை. உயிரோடிருக்கும் விட்டிலையே படம்பிடித்தார். செக்குரோப்பியா என்னும் பெருவிட்டில், கூட்டை விட்டு வெளிவந்த பின் உணவே உண்பதில்லை. ஏறத்தாழ இரண்டு வாரங்களே அதன் ஆயுள். அதற்குள் அது தன் சந்ததிக்கு வழிசெய்து மறைகின்றது. அக்குறுகிய நாட்களைத் தவறவிடாது பதிவுசெய்ய, ஒரு குடும்பமே இடம் விட்டுக்கொடுத்தது.

அவரது நாவல்கள் பெருந்தொகையாக விற்பனையாகின. இயற்கை நூல்கள் அவ்வாறு விலைபோகவில்லை. எனவே, நாவலொன்று, இயற்கை நூலொன்று என மாறி மாறி எழுதுவதற்குப் பதிப்பகத்தாருடன் உடன்பட்டார். 1909இல் வெளிவந்த 'லிம்பர்லொஸ்ற் பெண்' நாவலின் நாயகி, விட்டில்களைச் சேகரித்து விற்றே படிப்புச் செலவைத் தேடுகின்றாள். மகளுக்கு மிகவும் தேவைப்பட்ட அரிய விட்டிலொன்றைத் தாய் நசுக்கிவிடுகின்றாள். பின்னர் மனமுருகி, தான் வெறுத்த சதுப்பு நிலத்துக்கே சென்று மகளுக்காக விட்டில் தேடுகின்றாள். விட்டில்களுக்கென்றே அவர் எழுதிய நூல் 1912இல் வெளியாயிற்று.

ஆனால், அந்நூல் வெளிவந்த காலத்திலேயே சதுப்பு நிலம் அழிந்துகொண்டிருந்தது. மரங்கள் தறிக்கப்பட்டன, எண்ணெய்க் கிணறுகள் தோண்டப்பட்டன, வாய்க்கால் வெட்டி நீரை வடித்தார்கள். 1913 அளவில் அது விளைநிலமாயிற்று. எழுத்தாளரும் வேறிடம் பெயர்ந்தார். 1924இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் நிகழ்ந்த வாகன விபத்தில் மறைந்தார். 1990களில் தொடங்கிய மீட்புப் பணியால் அச்சதுப்பின் ஒரு பகுதிக்கு நீர் மீண்டுள்ளது.

நேயர்களே! 1995இல் ஒரே இரவில் ஊரைவிட்டு நடந்தவர்கள் நாம். எமது வேலியிலும் வளவிலும் வாழ்ந்த சிற்றுயிர்களை எழுதிவைத்தவர் எத்தனை பேர்? ஊர் அழியுமுன் அதனை எழுதிவைத்தவரின் அருமை எமக்குத் தெரியாதா?

அண்மையில் ஓரிரவு, விளக்கருகே வந்த விட்டிலை அடிக்க நான் கை ஓங்கியபோது, "பொறுங்கோ அப்பா" என்றாள் என் மகள். கையை இறக்கினேன். இருவருமாக நெடுநேரம் அதனைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.