நீலகிரியின் பீட் சதுப்புகள்

நீலகிரிப் பீடபூமியில், கடல்மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கும் மேலே, புல்வெளிக் குன்றுகளுக்கு இடைப்பட்ட பள்ளங்களில் சதுப்புகள் அமைந்துள்ளன. பீட் என்றும் முற்றா நிலக்கரி என்றும் வழங்கும் கறுத்த படிவு இவற்றின் அடியில் கிடக்கிறது. உலக நிலப்பரப்பில் பீட் நிலங்கள் ஏறத்தாழ 3 விழுக்காடுதான். ஆனால் உலகக் காடுகளின் மரஞ்செடிகள் அனைத்திலும் உள்ளதைவிட மிகுந்த கரிமத்தை அவை தாங்கியுள்ளன. அதில் நீலகிரியின் பங்கு மிகச் சிறியது. அதன் சிறப்பு வயதில் இருக்கிறது.

பருவமழை நீரைக் குன்றுகள் உறிஞ்சி வைத்துக்கொண்டு பள்ளத்துக்கு மெல்லக் கசியவிடுகின்றன. அங்கே மடியும் புல்லும் கோரையும் நீருக்குள் அமிழ்வதால் காற்றுப்படாமல் முழுதும் மட்குவதில்லை. பனிக்கால இரவுகளின் உறைகுளிரும் மட்கலைத் தாமதப்படுத்துகிறது. ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால் பழுப்பு நீர் வடியும். மட்காத வேரும் நாரும் விரல்களில் ஒட்டும். அந்த நார், என்றோ ஒரு புல் காற்றிலிருந்து எடுத்துக்கொண்ட கரிமம்.

மலையின் பழங்குடிகளான தோடர்கள் இச்சதுப்புகளைப் பயனுள்ள நிலமாகவே அறிந்திருந்தனர். அவர்களது கோயில்களின் கூரை வேயும் புற்களுள் ஒன்றான எரியோகிரைசிஸ் ரங்காச்சாரி நீலகிரிக்கே உரியது, ஈரநிலத்தில் வளர்வது. கோவை ஆட்சியர் ஜான் சல்லிவன் 1819இல் மலையேறி வந்த பிறகு பார்வை மாறியது. புல்வெளி தரிசாகவும் சதுப்பு வீண்நிலமாகவும் எண்ணப்பட்டன. விறகுத் தேவைக்காக 1843 முதல் யூகலிப்டஸ் வந்தது. சீகை எனப்படும் ஆஸ்திரேலிய வாட்டிலும் பரவியது. இருபதாம் நூற்றாண்டில் பைக்காரா, குந்தா மின்திட்டங்களின் அணைகள் பள்ளத்தாக்குகளை மூழ்கடித்தன. மற்ற பள்ளங்களில் வாய்க்கால் வெட்டி நீரை வடித்து, கேரட்டும் உருளைக்கிழங்கும் பயிரிட்டார்கள். அந்தக் கறுத்த மண்ணின் வளம், வடித்த நாள்முதல் காற்றுப்பட்டு எரிந்துகொண்டிருக்கும் பழைய கரிமத்தின் வளமே.

இப்புல்வெளிகள் மனிதர் காட்டை எரித்ததால் உண்டானவை என்ற கருத்து வனத்துறையில் நெடுங்காலம் நிலவியது. மரம் நடுவதற்கு அதுவே நியாயமாகவும் இருந்தது. இக்கருத்தைச் சோதிக்கும் சான்று பீட்டில்தான் கிடைத்தது. முதலில் மகரந்தத் துகள்களைக் கொண்டு ஆய்வுகள் நடந்தன. பின்னர் 1993இல் ஆர். சுகுமார், ஆர். ரமேஷ் உள்ளிட்ட குழு, உதகமண்டலத்துக்கு அருகே உள்ள பீட்டின் கரிம ஐசோடோப்பு விகிதங்களை அளந்து ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டது. மரங்களும் குளிர்ப்பகுதிப் புற்களும் சேர்ந்த சி3 தாவரங்களில் இவ்விகிதம், நியம மாதிரியோடு ஒப்பிட, ஆயிரத்துக்குச் சுமார் -27. வெப்பமும் வறட்சியும் தாங்கும் சி4 புற்களில் சுமார் -12. ஆகவே படிவின் ஒவ்வோர் அடுக்கும், அது படிந்த காலத்தில் எவ்வகைத் தாவரம் மிகுந்திருந்தது என்று காட்டிவிடுகிறது. கடைசிப் பனியூழியின் உச்சத்தில் வறட்சி, ஏறக்குறைய 11,000 ஆண்டுகளுக்கு முன் வலுத்த பருவமழை, பிறகு மீண்டும் ஒரு நீண்ட வறட்சி, சுமார் 600 ஆண்டுகளுக்கு முன் ஒரு குறுகிய ஈரக்காலம் என வரிசை தெளிந்தது. நீலகிரியிலேயே உள்ள சாண்டிநல்லாவின் படிவைக் கொண்டு 1997இல் இவ்வரலாறு 40,000 ஆண்டுகள் வரை பின்னோக்கி நீட்டப்பட்டது. உழவும் மேய்ச்சலும் இம்மலைக்கு வருவதற்கு மிக முன்பே இங்கே புல்வெளி இருந்திருக்கிறது. தரிசு என்று சொல்லி மரம் நட்டது பெரும்பிழை என்பதற்கு இதைவிட உறுதியான சான்று தேவையில்லை.

இலங்கையின் ஹோர்ட்டன் சமவெளியிலும் இத்தகைய படிவு உண்டு. அதில் நடந்த மகரந்த ஆய்வு, பனியூழியின் உச்சத்தில் அங்கும் வறண்ட காலம் நிலவியதைக் காட்டியது.

காலநிலை மாற்றத்தில் இச்சதுப்புகளின் நிலையை முடிவு செய்வது நீர்மட்டம். நீர் நிறைந்திருந்தால் கரிமம் தங்கும்; மீத்தேன் சிறிது வெளியேறும். நீர் இறங்கினால் ஆக்சிஜன் நுழைந்து, ஆயிரமாண்டுகளாகச் சேர்ந்தது கரியமில வாயுவாகப் போய்விடும். வெப்பம் கூடக்கூட மட்கல் விரைவாகும். கோடை நீண்டால் மேலடுக்கு காயும். கொட்டித் தீர்க்கும் மழையும் ஆபத்தே: 2019 ஆகஸ்டில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கும் மேல் பெய்தது. அப்படிப்பட்ட வெள்ளம் ஓடையை ஆழமாக அரித்தால், அந்த ஓடையே வடிகாலாகிச் சதுப்பைக் காயவைக்கும்.

சதுப்பைச் சுற்றியுள்ள சரிவும் இதில் சேர்த்தி. நீலகிரியின் கிளென்மார்கனில் அடுத்தடுத்த இரு நீர்ப்பிடிப்புகளை ஒப்பிட்ட ஆய்வில், ஒன்றில் 1972இல் யூகலிப்டஸ் நடப்பட்டது. முதல் பத்தாண்டில் அதன் நீர்வரத்து 16 விழுக்காடு குறைந்தது. வெட்டியபின் மறுதாம்பாகத் துளிர்த்த காலத்தில் குறைவு ஏறத்தாழ 25 விழுக்காடானது. மழையற்ற மாதங்களில் பள்ளத்துக்குக் கசியும் ஊற்றுநீரும் குறைந்தது. சதுப்பு உயிர்வாழ்வது அந்த நீரால்தான். கரிமம் சேர்க்கிறோம் என்று இச்சரிவுகளில் மரம் நடுவது, ஏற்கெனவே சேர்ந்திருக்கும் கரிமத்தைப் பறிகொடுக்கும் வழி. வடிகால்களை அடைத்து நீரைத் தேக்குவதும், அயல்மரங்களை அகற்றிப் புல்லை மீட்பதும் ஒன்றாக நடக்க வேண்டும். வெறுமனே வெட்டிவிட்டால் சீகை மண்ணில் கிடக்கும் விதைகளிலிருந்து மீண்டும் அடர்ந்து முளைக்கும். ஆண்டுக்கணக்கில் அதைக் களைந்துகொண்டே இருக்க நேரிடும்.