பாட்டிலிருந்து பேச்சுக்கு: பாலர் நாடகசபைகளின் பயிற்சி வரலாறு

ஜொகூரில் சாஆ, லாபிஸ் முதலிய ஊர்களைச் சூழ்ந்த தோட்டங்களில் பள்ளி விழாவோ கோயில் திருவிழாவோ அணுகுமாயின், நாடகத்துக்குப் பிள்ளைகளைத் தெரிந்தெடுக்கும் வேலை தொடங்கிவிடும். “இவள் நிறம் அரசி வேஷத்துக்கு ஆகாது, அவனுக்குக் குரல் இல்லை” என்று நொடியில் தீர்ப்புக் கூறுவதை நாம் கேட்டிருக்கின்றோம். தெரிவுக்கு வரும் பிள்ளை யாது பயின்று வரவேண்டும், தெரிந்தெடுப்போர் எதனை நோக்கவேண்டும் என்னும் வினாக்கள் தமிழர்க்குப் புதியன அல்ல. தமிழ்நாட்டுப் பாலர் நாடகசபைகள் அவற்றுக்கு ஒரு விடை கண்டன. அவ்விடை எவ்வாறு மாறிற்று என்பதே ஈண்டு நாம் சொல்லப் புகுவது.

சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) நாடகாசிரியராய் விளங்கிய காலத்தில், மேடை பெரிதும் வளர்ந்த நடிகர்களின் ஆட்சியில் இருந்தது. அவர்கள் எழுதியதைப் பேசுவதில்லை, நினைத்ததைப் பேசினர். ராஜபார்ட்காரர் எதிர்நின்றவரைப் பாட்டால் மடக்கப் புகுந்தால், கதை அந்தரத்தில் தொங்கும். சபையோரோ அதற்குத்தான் கைதட்டுவர்! இக்கட்டுப்பாடின்மையை வெறுத்தே சுவாமிகள் சிறுவர்பால் திரும்பினார். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபை தோன்றிற்று. பின்னாளில் டி. கே. எஸ். சகோதரர் எனப் புகழ்பெற்றவர்கள் அவ்வாண்டே அதிற் சேர்ந்தனர். அவருள் சண்முகத்துக்கு அப்போது வயது ஆறு.

பயிற்சி எவ்வாறு நடந்தது? சேர வரும் சிறுவனுக்கு வைத்த சோதனை பெரும்பாலும் ஒன்றே: “பாடு.” ஆர்மோனியம் சுருதி பிடிக்கும், குரல் சேர்ந்தால் பையன் சேர்ந்தான். பின்னர் வாத்தியார் ஓர் அடியைச் சொல்வார்; பிள்ளைகள் திருப்பிச் சொல்வர். லகர ளகர ழகரங்கள் பிழைத்தால் பிரம்பு பேசும். தன் பாடத்தோடு பிறர் பாடத்தையும் நெட்டுருச் செய்யவேண்டும். ஒருவன் காய்ச்சலில் விழுந்தால் மற்றொருவன் அன்றிரவே அவ்வேஷம் கட்டவேண்டுமன்றோ? ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசையில் இருப்பவன் செவிக்கும் சொல் எட்டவேண்டும். பள்ளிக்கூடம் காணாத ஏழைப் பிள்ளைகள் திருந்திய தமிழ் உச்சரிப்பைப் பெற்றது இவ்வாறே. இப்பயனை நாம் குறைத்துக் கூற ஒருப்படோம்.

ஆயினும் அதற்குக் கொடுத்த விலை பெரிது. பல பெற்றோர் பிள்ளையைச் சபையில் விட்டது கலைப்பற்றினால் அன்று. அங்கே சோறு கிடைக்கும் என்பதனால். மலாயாவில் ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் ஒழிக்கப்பட்டது. கூலிக் கப்பலின் கதையைப் பாட்டன்மார் வாயிலாகக் கேட்ட தோட்டத் தமிழர்க்கு, வயிற்றுக்காக ஊர்விட்டு ஊர் சென்ற அச்சிறுவரின் நிலையை நாம் விளக்கவேண்டுவதில்லை. சேர்ந்தவன் குரலை நம்பியே வாழ்ந்தான். பதினான்கு, பதினைந்து வயதில் மகரக்கட்டு உடையும். நேற்றுவரை கதாநாயகனாக இருந்தவன் இன்று சேவகன். அவன் செய்த பிழை வளர்ந்தது ஒன்றே. பெண்பிள்ளைகளுக்கோ பாலர் சபையின் வாயில் அடைபட்டே கிடந்தது. ஸ்திரீபார்ட்டையும் சிறுவரே கட்டினர்.

மற்றொரு வழியும் இருந்தது. 1891இல் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். அங்கே நடித்தவர் கற்றோரும் உத்தியோகஸ்தரும். வயிற்றுக்காக நடிக்க வந்தவர் அல்லர். முதலியார் தாமும் நீதிபதியாய் இருந்தவர். நடிப்புக் கலையில் தேர்ச்சி பெறுவது எப்படி என்று ஒரு நூலே அவர் எழுதினார். பிரம்புக்கு அஞ்சி மனனம் செய்வதற்கும், இக்கலையைப் படித்து அறிய முயல்வதற்கும் உள்ள தூரத்தை அந்நூலின் தலைப்பே காட்டும். ஆனால் அச்சபையின் படி ஏழைப் பையனுக்கு எட்டாத உயரத்தில் இருந்தது என்பதையும் மறைக்கலாகாது.

இவ்விரு வழிகளையும் ஒருவாறு இணைத்தவர் எம். கந்தசாமி முதலியார். 1925இல் டி. கே. எஸ். சகோதரர் தனிச்சபை கண்டபின் அவர் அங்கே ஆசிரியராய் அமர்ந்து, ஜே. ஆர். ரங்கராஜுவின் நாவல்களை உரைநடை நாடகங்களாகப் பயிற்றினார். பாட்டுக் குறைந்தது, பேச்சு வளர்ந்தது. குரல் உடைந்தவனுக்கும் மேடையில் இடம் உண்டாயிற்று.

சீர்திருத்த நாடகங்கள் வந்தபோது இம்மாறுதல் முற்றிற்று. சாதியையும் புரோகிதத்தையும் எதிர்த்து வாதாடவேண்டிய மேடைக்கு, ராகத்தை நீட்டுவோரைவிடச் சொல்லை நிறுத்தி உரைப்போரே தேவைப்பட்டனர். 1940களின் நடுவில் அறிஞர் அண்ணாதுரை தாம் எழுதிய ‘சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்’ நாடகத்துக்குத் தலைமை நடிகரைத் தேடினார். பாலர் சபையில் பெண்வேஷம் கட்டி வளர்ந்த கணேசன் என்னும் இளைஞர் கையில் நெடிய வசனச்சுவடி கொடுக்கப்பட்டது. ஒரே நாளில் மனனம் செய்து பேசிக் காட்டியதாக அவரே பின்னர்க் கூறியுள்ளார். அந்நடிப்பைக் கண்ட பெரியார் ‘சிவாஜி’ என்று அழைத்தார், அப்பெயரே நிலைத்தது. அன்று அவரை எவரும் “பாடு” என்று கேட்கவில்லை.

குரல் பிறவியோடு வருவது, நிறமும் அப்படியே. வசனத்தைப் படித்துப் பொருள் உணர்வதும், மூச்சை எங்கே நிறுத்துவது என அறிவதும், எதிர்நிற்பவன் பேச்சைச் செவிமடுப்பதும் உழைப்பால் வருவன. ஆதலின் சாஆவில் அடுத்த விழாவுக்குப் பிள்ளைகளைத் தெரிந்தெடுக்கும் ஆசிரியர்களிடம் நாம் கேட்பது சிறிது. நாடகச் சுவடியை ஒருவாரம் முன்னரே எல்லாப் பிள்ளைகளிடமும் கொடுங்கள். தெரிவு நாளன்று முதலில் பேசச் சொல்லுங்கள்.