ஒரே கட்டையின் விலை: ஏகாண்ட வீணை குறித்து ஒரு மறுப்பு

திருச்சியிலோ ஸ்ரீரங்கத்திலோ பிள்ளைக்கு நல்ல வீணை வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் தஞ்சாவூருக்குத்தான் போகிறார்கள். பட்டறையில் முதலில் எழும் கேள்வி: ஒட்டா, ஏகாண்டமா? குடம், தண்டி, யாளித்தலை மூன்றையும் தனித்தனியாகச் செதுக்கிப் பொருத்தினால் ஒட்டு வீணை; சாதா வீணை என்றும் சொல்வார்கள். மூன்றையும் ஒரே பலாக்கட்டையில் குடைந்தெடுத்தால் ஏகாண்டம். இதன் விலை கணிசமாகக் கூடுதல். அந்தக் கூடுதலுக்கு ஈடாக நாதமும் கூடுதலாகக் கிடைக்கும் என்று வாங்குவோர் நம்புகிறார்கள். சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களில் பலரும் அப்படியே சொல்லி அனுப்புகிறார்கள். ஏகாண்டத்துக்குக் கூடுதல் விலை கொடுப்பதில் நியாயம் உண்டு, ஆனால் அந்த நியாயம் நாதத்தில் இல்லை என்பதே என் வாதம்.

முதலில் விலை ஏன் ஏறுகிறது என்று பார்க்கலாம். ஏகாண்டத்துக்குக் குடத்தின் அகலமும் வீணையின் முழு நீளமும் கொண்ட, வெடிப்போ முடிச்சோ இல்லாத முற்றிய பலாமரம் வேண்டும். அத்தகைய அடிமரம் அரிது. கிடைத்தாலும் தண்டியின் இருபுறமும் உள்ள மரம் முழுவதும் சீவலாகிப் போகும். ஒட்டு வீணையில் அதே மரம் இன்னும் சில உறுப்புகளுக்கு உதவும். ஆக, விலை வித்தியாசத்தின் பெரும்பகுதி வீணாகும் மரத்துக்கும் அதைச் சீவும் கூலிக்கும் உரியது. அது பட்டறைக்காரரின் செலவு. வாங்குபவரின் காதுக்கு அதனால் என்ன வருகிறது என்பது வேறு கணக்கு. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவதில்தான் குழப்பம் தொடங்குகிறது.

இதே குழப்பம் மேலை உலகில் பேஸ் கிட்டாரைச் சுற்றியும் உண்டு. லியோ ஃபெண்டர் 1951இல் விற்பனைக்குக் கொண்டுவந்த பிரெசிஷன் பேஸில் கழுத்து தனி, உடல் தனி. இரண்டையும் திருகாணி பிணைக்கிறது. பின்னால் வந்த அலெம்பிக் போன்ற கைவினைப் பட்டறைகள் கழுத்து மரத்தையே உடலின் ஊடே கடைசிவரை ஓடவிட்டன. விலை பல மடங்கு. ஆனால் மோட்டவுன் நிறுவனத்தின் இசைத்தட்டுகளில் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்துப் புகழ்பெற்றது தொழிற்சாலையில் செய்த, திருகாணி போட்ட பிரெசிஷன் பேஸ்தான். ஆயினும் பேஸ் கிட்டாரில் கைவேலைக்கும் இயந்திர வேலைக்கும் போட்டி. வீணையிலோ ஒட்டு, ஏகாண்டம் இரண்டுமே கைவேலை. கை ஒன்றாகவே இருக்க, மரத்தின் அமைப்பு மட்டும் மாறுவதால் இங்கே கேள்வி இன்னும் கூர்மையாகிறது.

நாதம் எங்கே பிறக்கிறது என்பதற்கு ஸ்ரீரங்கம் தீவிலேயே பிறந்த ஒருவர் விடை தந்திருக்கிறார். 1888இல் திருவானைக்காவலில் பிறந்த சி. வி. ராமன், 1921இல் இந்தியத் தந்திக் கருவிகள் பற்றி ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். ஒரு தந்தியை எந்தப் புள்ளியில் மீட்டுகிறோமோ, அப்புள்ளியில் அசைவற்று நிற்க வேண்டிய மேற்சுரங்கள் ஒலிக்கக் கூடாது என்பது யங், ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆகியோர் வழிவந்த விதி. தம்புராவும் வீணையும் இந்த விதிக்குக் கட்டுப்படவில்லை; ஒலிக்கக் கூடாத மேற்சுரங்களும் அவற்றில் கணீரென்று கேட்டன. காரணம் தந்தியைத் தாங்கும் குதிரை என்றார் ராமன். வீணைக் குதிரையின் உலோகத் தகடு கூர்முனையாக நிற்காமல் மெல்ல வளைந்திருக்கிறது. அதிரும் தந்தி அந்த வளைவைத் தொட்டும் விட்டும் அசைகிறது. வீணையை வீணையாக ஒலிக்கச் செய்வதில் தலையாய பங்கு உள்ளங்கைக்குள் அடங்கும் அந்தத் தகட்டின் வளைவுக்குத்தான். அதை ஒட்டு வீணையிலும் அதே நேர்த்தியுடன் அமைக்கலாம். ஏகாண்டத்தில் அது கோணலாக அமைந்தால் எந்தப் பலாவும் காப்பாற்றாது.

பலரும் கவனிக்காத இன்னொன்று: ஏகாண்டமும் முழுக்க ஒரே மரம் அல்ல. குடத்தைக் குடைந்த பிறகு அதன் வாயை மூடும் மேற்பலகை தனியாகச் செய்து ஒட்டப்படுவது. குதிரை நிற்பது அந்தப் பலகையின் மேல்தான். தந்தியின் அதிர்வு குதிரை வழியாக முதலில் சேருமிடமும் அதுவே. ஏகாண்டம் தவிர்க்கும் ஒட்டு, குடமும் தண்டியும் சேரும் இடத்தில், அதாவது ஒலி வெளிப்படும் முதன்மைப் பாதைக்குப் பின்னால் இருக்கிறது.

“கையில் எடுத்தாலே கார்வை தெரிகிறதே” என்பார்கள் வித்வான்கள். அனுபவத்தை நான் மறுக்கவில்லை; ஆனால் எடுத்தவருக்கு அது ஏகாண்டம் என்று தெரியும்; அந்த அறிவே காதைச் சாய்த்துவிடலாம். 2010இல் இண்டியானாபொலிஸில் கிளாடியா ஃபிரிட்ஸும் ஜோசஃப் கர்ட்டினும் நடத்திய சோதனையில் 21 வயலின் கலைஞர்கள் எது பழையது, எது புதியது என்று தெரியாதபடி கருப்புக் கண்ணாடி அணிந்து ஆறு வயலின்களை வாசித்தார்கள். பலர் விரும்பி எடுத்தது புது வயலின். மிகக் குறைவாக விரும்பப்பட்டது பழைய வயலின்களில் ஒன்றான ஒரு ஸ்ட்ராடிவாரி.

அப்படியானால் கூடுதல் விலையின் நியாயம் எங்கே? இழுப்பில். வீணையில் கமகம் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தே பிறக்கிறது. ஒரே மெட்டில் நின்று மேலே பல சுரங்களைத் தொடுவார்கள். அந்த இழுவையும், நாள் முழுவதும் ஏழு தந்திகள் தரும் இறுக்கமும் தண்டியின் மேல் விழுகின்றன. ஆண்டுகள் போகப் போக ஒட்டு மயிரிழை விட்டாலும் தண்டி வளைந்து, தந்திக்கும் மெட்டுக்கும் உள்ள இடைவெளி மாறிவிடும். சித்திரை வெயிலும் ஐப்பசி ஈரமும் மாறிமாறித் தாக்கும் காவிரிக் கரையில் இது சிறிய விஷயமல்ல. மேளம் என்று சொல்லப்படும் 24 மெட்டுகளும் மெழுகின் மேல் காதால் கேட்டுக் கேட்டு நிறுத்தப்பட்டவை. தண்டி அசைந்தால் மேளம் கெடும். மீண்டும் மெழுகு உருக்கி, மெட்டு மெட்டாகச் சுருதி பார்த்து உட்கார்த்த வேண்டும். மெழுகு தானாகத் தேய்வதற்கே சில ஆண்டுகளுக்கொருமுறை இந்த வேலை உண்டு. ஏகாண்டம் அதற்கு மேலான தொல்லையைக் குறைக்கிறது. எனவே மிகுதிப் பணம் உறுதிக்கான முன்பணம். தினமும் மணிக்கணக்கில் வாசிப்பவருக்கு அது லாபம். கீதமும் வர்ணமும் பழகும் குழந்தைக்கு அந்தப் பணத்தில் நல்ல ஒட்டு வீணையும், தேர்ந்த கையால் போட்ட மேளமும், அடுத்த மேளத்துக்கான கூலியும் கிடைத்துவிடும்.

கேட்கும் சூழலையும் கணக்கில் எடுக்க வேண்டும். 1939இல் திருச்சி வானொலி நிலையம் தொடங்கியதிலிருந்து இந்த ஊர்க்காரர்கள் வீணையைக் கேட்டது பெரும்பாலும் மைக் வழியாகத்தான். இன்று பலர் குடத்தின் மேலேயே தொடு-மைக்கை ஒட்டிக்கொள்கிறார்கள். மர வேறுபாடு ஏதும் இருந்தாலும் ஒலிபெருக்கிக்காரரின் குமிழ் அதை விழுங்கிவிடும். ஸ்ரீரங்கத்தில் இராப்பத்து இரவுகளில் நம்பெருமாள் மூலஸ்தானம் சேரும் முன் நடக்கும் வீணை ஏகாந்தம் போன்ற அருகிருந்து கேட்கும் இடங்களிலேயே அத்தகைய நுண்மைக்கு வாய்ப்பு உண்டு. அதற்காக ஒருவர் விலை கொடுப்பதானால் அதை நான் மூடநம்பிக்கை என்று சொல்லமாட்டேன்.

இதைச் சோதித்துப் பார்க்கலாம். ஒரே ஆசாரி, ஒரே பருவத்து மரம், ஒரே தந்தி. ஓர் ஒட்டு, ஓர் ஏகாண்டம். திரைக்கு இந்தப்பக்கம் கேட்பவர்கள். திருச்சியின் கலைக் காவிரி நுண்கலைக் கல்லூரி போன்ற இடத்தில் இதற்குப் பெரிய செலவு ஆகாது. குதிரையைக்கூட ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றிவைத்துப் பார்க்கலாம். சிக்கல் மேளத்தில்தான். ஒரே கை, ஒரே நாளில் போட்டாலும் இரண்டு மேளங்கள் ஒன்றுபோல் அமைவதில்லை. கேட்பவர் காதில் விழும் வித்தியாசம் மரத்தினுடையதா மெழுகினுடையதா என்று பிரிக்க, ஒவ்வொரு வீணைக்கும் பலமுறை மேளம் போட்டு, ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டியிருக்கும்.